ஒத்திகை நாளில் அடித்த போன்

இதுதானா ரெக்கார்டர்? இத்தனூண்டு இருக்கு. நான் பேசுறதெல்லாம் இதுக்குள்ள போய் உட்கார்ந்துக்குமா? சரி, மேஜை மேலேயே இருக்கட்டும். ஆனா இப்பவே அமுக்காதே தாயி. முதல்ல காபியைக் குடி. மதுரையில ஏறி, கோவில்பட்டியில இறங்கி, அங்கிருந்து மினி பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கே. மருமக போட்ட காபி, கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும். எனக்கு எழுபத்தாறு வயசு. திக்கா கொடுத்தா இதயம் துள்ளிக் குதிச்சு வெளியே வந்துடும்னு அவளுக்குப் பயம்.

உன் பேரைப் பேப்பர்ல பார்த்தேன். டாக்டர் ஜெமிலா தேவபிச்சை. நாட்டோட மின்சாரக் கம்பி மொத்தத்துக்கும் வானத்துல இருந்து வரக்கூடிய ஆபத்தைப் பத்தி டெல்லியில ஒரு கமிட்டி போட்டிருக்காங்க, அதுல நீ பேசப்போறேன்னு போட்டிருந்தது. தெரு பூராவும் காட்டினேன். "இந்தப் புள்ளைக்கு இந்தப் பாடத்தை முதல்ல சொல்லிக் கொடுத்ததே இந்தப் பூவலிங்கம்தான்"னேன். எவனும் நம்பலை. நம்மளைத்தான் தெரியுமே. நான் மணி என்னன்னு சொன்னாக்கூட இன்னொருத்தன்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தான் போவான் இந்தத் தெருக்காரன்.

கண்ட்ரோல் ரூம்ல ஒரு தவளை இருந்ததே, சொல்லியிருக்கேனா? பேனலுக்குள்ளேயே பிறந்து பேனலுக்குள்ளேயே வளர்ந்தது. டிரான்ஸ்பார்மர் எந்தச் சுதியில முனகுதோ அதே சுதியிலதான் அதுவும் கத்தும். கரண்ட் போச்சுன்னா பாவம், சுதி கிடைக்காம—

வேண்டாமா. சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை. அதைக் கேட்கத்தானே வந்திருக்கே. அதுதான் உனக்கு ஏழு வயசுலேயே சொன்னேனே. சூரியன்ல இருந்து ஒரு இடி கிளம்பி வந்தது, கரண்ட் இல்லாம செத்துக் கிடந்த கம்பியில இறங்கிருச்சு, அதுல அப்பா போயிட்டாரு, யார் மேலயும் தப்பில்லை. மடியில உட்கார வெச்சுச் சொன்னேன். நீ அழலை. "சூரியனா மாமா?"ன்னு மட்டும் கேட்டே. "ஆமா தாயி, சூரியன்தான்"னேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் நீ குடை பிடிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போனேன்னு உங்கம்மா சொன்னா.

என்ன? அன்னைக்குச் சூரியன் சும்மா இருந்ததா? அதைக்கூடவா எவனோ உட்கார்ந்து எழுதி வெச்சிருக்கான்?

சரி. பன்னிரண்டு கிலோமீட்டர் கம்பியில அந்த மாதிரி ஏறாது. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளம் வேணும். சரி தாயி, நீ படிச்சவ, நீ சொன்னா சரி. இது உனக்கு எப்பத் தெரியும்? காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேயா? தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷமா கிறிஸ்துமஸ் தவறாம எனக்குக் கேக் அனுப்பினே? ஏன் கேட்கலைன்னு நான் கேட்க மாட்டேன். அமுக்கு. சிவப்பா எரியுதா? சரி.

உங்கப்பன் லைன்மேன், நான் வெம்பக்குளம் சப்ஸ்டேஷன்ல ஆபரேட்டர். இந்த வேலை தெரியாதவங்களும் இதைக் கேட்பாங்களே, அவங்களுக்காகச் சொல்றேன். கம்பத்துல ஏறணும்னா லைன்மேன் எங்களுக்குப் போன் பண்ணி எல்.சி. கேட்கணும். 'இந்த பீடரை நிறுத்தி வெச்சிருக்கேன், நீ ஏறலாம்'னு நாங்க கொடுக்கிற அனுமதிக்குப் பேருதான் எல்.சி. பீடர்னா ஒரு பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோற லைன். ரெண்டு பக்கமும் நோட்டுல நம்பர் எழுதணும். அவன் இறங்கி அந்த நம்பரைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அந்தச் சுவிட்சை நான் போடக் கூடாது. கலெக்டர் வந்து காலைப் பிடிச்சாலும் போடக் கூடாது. அது சட்டம்.

எனக்கும் உங்கப்பனுக்கும் வேற ஒரு சட்டம். ஏற்கெனவே கரண்ட் போயிருக்கிற நேரம் பார்த்து அவன் சின்னச் சின்ன வேலையை முடிச்சுக்குவான். அப்ப பெத்தையா டீக்கடையில இருக்கிற காசு போன்ல இருந்து எங்க போன் மூணு தடவை அடிச்சு நிக்கும். நான் எடுக்க மாட்டேன். எடுத்தா அங்க காசு விழுந்துடும். மூணு ரிங்னா, 'மச்சான், நான் ஏறப்போறேன், போட்டுடாதே'ன்னு அர்த்தம். வேலை முடிஞ்சு இறங்கினதும் மறுபடி அடிக்கும். அப்ப எடுப்பேன். "போடு மச்சான்"பான். போடுவேன். பதினோரு வருஷம் இப்படித்தான். எந்த நோட்டுலயும் கிடையாது. மூணு ரிங்கை நம்பி எர்த் ராடுகூட மாட்டாம ஏறுவான். மாட்டியிருக்கணும். கம்பியில எர்த் ராடு மாட்டியிருந்தா எவன் போட்டாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. அதை விசாரணையிலேயும் சொன்னேன்.

பொக்ரான்ல குண்டு வெடிச்ச அடுத்த வருஷம். ஊர்ல எல்லாரும் குண்டைப் பத்தித்தான் பேச்சு. பெரிய ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. பேரு வேண்டாம், மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. எங்க ஏழு பேரை உட்கார வெச்சு வகுப்பு எடுத்தாரு. எத்தனையோ நூறு கிலோமீட்டர் உயரத்துல ஒரு அணுகுண்டு வெடிச்சா, கீழே ஒரு ஓடு உடையாதாம், ஒரு காக்கா சாகாதாம். ஆனா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போன், கோளாறு வந்தா சுவிட்சைத் தானா நிறுத்துற ரிலே, கம்ப்யூட்டர் எல்லாம் கருகிடும். பின்னாடியே மெதுவா இன்னொரு அலை வரும். அது நீளக் கம்பி வழியா டிரான்ஸ்பார்மருக்குள்ள இறங்கி அதை உள்ளுக்குள்ளேயே வேக வெச்சுடும். "ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் செஞ்சு வர ஒன்றரை வருஷம். ஒரே நாள்ல நூறு போச்சுன்னா இந்த நாடு என்ன செய்யும்?"னு கேட்டுட்டு எங்களைப் பார்த்தாரு. எங்களுக்குக் கொட்டாவி.

நீ டெல்லியில சொல்லப்போறதும் இதைத்தானே? பார்த்தியா. அப்பவே வெம்பக்குளத்துல சொல்லியாச்சு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். முடியலை. "சார், அது நமக்கு ஏற்கெனவே வந்துட்டுப் போயிருச்சு"ன்னேன். ஒரு மாசி மகத்தன்னைக்கு சப்ளையே இல்லாதப்ப யார்டுல இருந்த டியூப் லைட்டெல்லாம் தானா எரிஞ்சது, அந்த வெளிச்சத்துல நான் சீட்டு விளையாடி ஜெயிச்சேன், டிபன் கேரியர்ல இருந்த தயிர்சாதம் மறுபடி கொதிச்சதுன்னு அடிச்சு விட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இன்சுலேட்டர் வாங்க வந்த உங்கப்பன் வாசல்ல நின்னுக்கிட்டு, "மச்சான், அந்தத் தயிர்சாதத்துல தாளிப்பு இருந்ததா?"ன்னான்.

அதிகாரி மட்டும் சிரிக்கலை. எனக்குக் கற்பனை இருக்குன்னாரு. ஒரு ஒத்திகை நடத்தணும், இப்படிப்பட்ட ஆள்தான் வேணும், நீங்களே எழுதுங்கன்னுட்டாரு. நீங்க. என்னை. இருபத்திமூணு வருஷ சர்வீஸ்ல எனக்கு மெமோதான் வந்திருக்கு. அன்னைக்குத்தான் ஒருத்தன் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலையைக் கொடுத்தான்.

பதினாறு பக்கம் எழுதினேன் தாயி. நாலாவது விதி: போன் செத்துப் போச்சு. அடிச்சாலும் யாரும் எடுக்கக் கூடாது, காதுல வாங்கிக்கக்கூடக் கூடாது. ஆறாவது விதி: வெளியே ஒருத்தருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. குண்டு போடுறவன் தண்டோரா போட்டுட்டா போடுவான்? அதிகாரிக்கு இந்த வரி ரொம்பப் பிடிச்சது. சப்ளை மொத்தத்தையும் நிறுத்திட்டு, போன் இல்லாம, நாற்பது நிமிஷத்துல கையாலேயே எல்லா பீடரையும் உயிர்ப்பிச்சுக் காட்டணும். அவர் கையில ஸ்டாப்வாட்ச்.

உங்கப்பன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லலை. விதிக்காக இல்லை. சொன்னா வந்து நின்னு தயிர்சாதம்பான். அன்னைக்கு என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு இருந்தது எனக்கு.

பதினொண்ணு ரெண்டுக்கு எல்லாச் சுவிட்சையும் எடுத்தோம். பதினாலு ஊரு இருட்டு. இருட்டென்ன, பட்டப்பகல். மாவு மிஷின் நின்னிருக்கும், மோட்டார் நின்னிருக்கும். அவ்வளவுதான். பதினொண்ணு பன்னிரண்டுக்குப் போன் அடிச்சது.

அதிகாரி திரும்பிப் பார்த்தாரு. "பூவலிங்கம், என்ன அது?"ன்னாரு. நான் சொன்னேன், "சார், போன் அப்பவே செத்துப் போச்சு. அது அதோட ஆவி." எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். பல்லு ஒண்ணு தங்கப்பல்லு.

மூணோட நின்னது.

தெரியும் தாயி. நான் எண்ணினேன். எண்ணணும்னு எண்ணலை, பதினோரு வருஷப் பழக்கம், காது தானா எண்ணிக்கும். என்ன நினைச்சேன்னு கேட்டா, ஒண்ணும் நினைக்கலை. இன்னும் முப்பது நிமிஷம் இருக்குன்னு நினைச்சேன். இன்சுலேட்டர் மாத்தப் போறான், அது அவனுக்குக் கால்மணி நேர வேலை, அதுக்குள்ள இறங்கிடுவான்னு நினைச்சேன். போல்ட்டு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும்னு நான் கண்டேனா?

இறங்கினா மறுபடி அடிக்கணும்தான். அடிக்கலை. ஆனா அடிக்கலைங்கிறதை நான் கவனிக்கலை தாயி. அடிச்சிருந்தா கவனிச்சிருப்பேன். அடிக்காததை ஒருத்தன் எப்படிக் கவனிக்கிறது, நீயே சொல்லு.

ஒவ்வொரு பீடரா போட்டோம். கீழப்பட்டி, சந்தைப்பேட்டை, வெம்பக்குளம் டவுன். கடைசியா உங்கப்பனோடது, கிழக்கு பீடர். பதினொண்ணு நாற்பத்தொண்ணு. போட்டேன். அவ்வளவுதான். ஒத்திகை முடிஞ்சது. அதிகாரி ஸ்டாப்வாட்சை அமுக்கினாரு. கையைக் குலுக்கினாரு. "நாட்டுக்கு உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்"னாரு.

கை குலுக்கிக்கிட்டே இருக்கும்போது போன் அடிச்சது. மூணோட நிக்கலை. நாலு, அஞ்சு, ஆறு. நான் எடுக்கலை. நாலாவது விதி. அதிகாரிதான் சொன்னாரு, "ஒத்திகை முடிஞ்சிருச்சே பூவலிங்கம், இப்ப எடுக்கலாமே." எடுத்தேன். பெத்தையா. மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிஞ்சது. வெச்சுட்டேன். வெச்சுட்டு, நோட்டுல எழுத வேண்டியதை எழுதி முடிச்சேன். எழுத்தைப் பார்த்தா உனக்கே தெரியும், முத்து முத்தா இருக்கும்.

சாவு வீட்டுல எல்லாரும் அழுதாங்க. நான் பந்தலுக்குப் பல்பு மாட்டிக்கிட்டிருந்தேன். நாற்பது பல்பு. உங்கம்மா என்னைப் பார்த்ததும் "அண்ணே"ன்னு கத்தினா. நான் ஏணியில இருந்து இறங்கலை. ஒரு ஹோல்டர் லூசா இருந்தது, அதைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். அழுகை வரும் வரும்னு பார்த்தேன். இன்னும் வரலை. என்னமோ போ, சில பேருக்கு அப்படி.

விசாரணைன்னு வந்தாங்க. யோசிச்சுப் பாரு தாயி. எந்த நோட்டுலயும் எல்.சி. நம்பர் இல்லை. மூணு ரிங்கைச் சொன்னா என்ன எழுதுவான்? 'அனுமதி இல்லாம ஏறினான், அவன் தப்பு.' உங்கம்மாவுக்கு வாரிசு வேலை கிடைக்காது. உனக்காகத்தான், உங்கம்மாவுக்காகத்தான் நான் வாயைத் திறக்கலை. அதிகாரிக்கும் ஒத்திகைங்கிற வார்த்தை பைலுக்குள்ள வரக் கூடாதுன்னு இருந்தது. சரின்னு நானே ஒரு கதை கட்டினேன். கிழக்குப் பக்கம் இருந்த சினிமாக் கொட்டகையில ஜெனரேட்டர் போட்டான், அந்தக் கரண்ட் தலைகீழா நம்ம கம்பியில ஏறிருச்சுன்னு. வாழ்நாள் பூரா நான் சொன்ன கதைங்கள்ல, சீல் அடிச்சுக் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டது அது ஒண்ணைத்தான். கொட்டகைக்காரன் ரெண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைஞ்சான். பாவம், நல்ல மனுஷன், எனக்கு எப்பவும் பெஞ்சு டிக்கெட்டுல சேர்ல உட்கார விடுவான். உங்கம்மாவுக்கு வேலை கிடைச்சது. நீ படிச்சே. நல்லதுதானே நடந்தது?

உன்கிட்ட மட்டும் ஜெனரேட்டர்னு சொல்ல மனசு வரலை. ஜெனரேட்டர்னா அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், நீ வளர்ந்து அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பே. சூரியனோட வாசல்ல யாரு போய் நிக்க முடியும்? நீ என்னடான்னா அங்கேயும் போய் நின்னுட்டே.

இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை தாயி. நீ டெல்லியில சூரியன்னே சொல்லிடு. அப்பா போட்டோவைப் பெரிசா திரையில காட்டி, இந்த மனுஷனை வானம் கொன்னுச்சு, நாளைக்கு நாட்டையும் கொல்லும்னு சொல்லு. சபையே எழுந்து நிக்கும். யாரு வந்து பன்னிரண்டு கிலோமீட்டரை அளந்து பார்க்கப்போறான்? சொல்ல மாட்டியா? அப்ப என்னன்னு சொல்லுவே? அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு, 'வெம்பக்குளத்துல ஒரு ஆள் போனை எடுக்கலை'ன்னா?

என்ன பேப்பர் அது? கொடு, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்.

இது எங்க கிடைச்சது உனக்கு? சப்ஸ்டேஷனை இடிச்சப்ப பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே.

என் எழுத்துதான். ஆமா. கிழக்கு பீடர். பதினொண்ணு நாற்பத்தொண்ணு, க்ளோஸ். அதே நிமிஷம், டிரிப். பதினொண்ணு நாற்பத்திரெண்டு, க்ளோஸ்.

நீ இதைப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கே. அப்ப எதுக்குத் தாயி என்னை இவ்வளவு நேரம் பேச விட்டே? தவளைக் கதை மட்டும் வேண்டாம்னுட்டே.

ஆமா, க்ளோஸ்னா சுவிட்சைப் போட்டதுன்னு அர்த்தம், ரெண்டு தடவை போட்டேன். முதல் தடவை போட்டதும் சுவிட்சு தானா விழுந்துருச்சு. அம்மீட்டர் முள்ளு ஒரு ஆட்டம் ஆடிட்டு சைபருக்கு வந்தது. கம்பியில ஏதோ கோளாறு இருந்தாத்தான் அப்படி விழும். விழுந்தா, போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் திரும்பப் போடணும். போனைப் பார்த்தேன். அது செத்துப் போச்சே. ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். இன்னும் அரை நிமிஷம் இருந்தது. எத்தனையோ தடவை ஒரு மட்டை விழுந்து டிரிப் ஆகியிருக்கு, ஒரு அணில் குறுக்கே போயிருக்கு, திரும்பப் போட்டா விழாம நின்னுடும். போட்டேன். நின்னுருச்சு.

இதை யாரும் என்கிட்ட கேட்டதில்லை. விசாரணைக்கு வந்தவங்களும் கேட்கலை. நோட்டு திறந்துதான் கிடந்தது. ஜெனரேட்டர் கதை அவ்வளவு நல்லா இருந்தது.

என்ன கேட்டே?

சத்தமாக் கேளு தாயி, காது சரியாக் கேட்கலை. கேட்டுச்சு. கேட்டுச்சு, விடு. அப்பா முதல் தடவையிலேயே போயிட்டாரா, ரெண்டாவது தடவையிலேயா.

எனக்கு ஆயிரம் கதை தெரியும். உனக்கு இப்ப என்ன சொன்னா இந்தக் காபியைக் குடிச்சுட்டு எழுந்து நிம்மதியா பஸ் ஏறுவேன்னும் தெரியும். ஒரு வார்த்தை. முதல் தடவையிலேயேன்னு சொன்னா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. பெத்தையா போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அவரு என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு, அதுவும் பதினாறாம் நாள், கடையை அடைச்சுட்டு வந்து சொன்னாரு.

முதல் தடவை தூக்கி அடிச்சதுல உங்கப்பன் பெல்ட்டுல தொங்கினானாம். செத்துட்டான்னு நினைச்சு பெத்தையா கீழே இருந்து கத்தினாராம். அவன் கண்ணைத் திறந்தானாம். ஒரு கை வேலை செய்யலை, இன்னொரு கையால கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு, தெளிவாச் சொன்னானாம். "ஒண்ணும் இல்லைய்யா, மச்சானுக்குப் போன் போடுங்க"ன்னு. பெத்தையா ஓடினாரு. கடைக்கும் கம்பத்துக்கும் நூறு அடிதான். போய்ச் சேரலை, பின்னாடி சத்தம் கேட்டுருச்சு.

அறிக்கையில உங்கப்பன் போன நேரம் பதினொண்ணு நாற்பத்தொண்ணுன்னு போட்டிருப்பாங்க. நான் கொடுத்த நேரம்தான் அது. நாற்பத்திரெண்டுன்னு மாத்தி எழுதிக்கோ.